பேய்க்கு இரண்டு கொம்பு: ஹாலோவீன் சிலேடைப் பெட்டி, ஒரு மதிப்புரை

அக்டோபர் 31 அன்று பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் இரவுக்கென்று தமிழிலேயே சிலேடை எழுதி, அட்டையாகவும் ஸ்டிக்கராகவும் அச்சடித்து, பெட்டியில் போட்டு விற்கிறது ராமநாதபுரத்தில் உள்ள ஓர் அச்சகம். பெட்டி 480 ரூபாய். உள்ளே உள்ளங்கை அகல அட்டைகள் 40, வினைல் ஸ்டிக்கர்கள் 24, ஓட்டல் மேசையில் கூடாரம் போல மடித்து நிறுத்தும் அட்டைகள் 6, காகிதத் தோரணம் ஒன்று, பூசணியில் முகம் வெட்ட மாதிரித் தாள் இரண்டு. பத்துப் பெட்டிக்கு மேல் எடுத்தால் கடைப் பெயரையும் சேர்த்து அச்சிட்டுத் தருகிறார்கள். மண்டபத்திலிருந்து ராமேசுவரம் வரையுள்ள தங்கும் விடுதிகள், மீன் சாப்பாட்டுக் கடைகள், பள்ளி ஆண்டு நிகழ்ச்சிக்குக் குட்டி நாடகம் போடுகிறவர்கள், இவர்களுக்காகச் செய்த பொருள் இது.

வாங்கலாம். ஆனால் அப்படியே பிரித்து மாட்டிவிடக் கூடாது. 40 அட்டைகளில் 22 அருமை, 9 சுமார், மீதி 9 அட்டைகளைக் கழித்துக்கட்ட வேண்டும். எது எந்த ரகம், ஏன் என்பதைத்தான் கீழே சொல்லியிருக்கிறோம். சிலேடையில் இரண்டு பொருளும் தனித்தனியாகத் தன் காலில் நிற்க வேண்டும். ஒன்று நின்று இன்னொன்று நொண்டினால் பக்கத்தில் ஒருவர் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். இந்தப் பெட்டியில் தமிழிலேயே பிறந்த வரிகள் பெரும்பாலும் நிற்கின்றன. ஆங்கிலத்திலிருந்து இழுத்து வந்தவை பெரும்பாலும் நொண்டுகின்றன.

முதல் அட்டையே பெட்டியின் உச்சம். கறுப்புத் தாளில் பெரிதாக ஒரு வெள்ளைப் ‘பேய்’. அடியில் நீல நிறத்தில் ‘பெய்’. நடுவில் ஒரே வரி: ‘பேய்க்கு இரண்டு கொம்பு. ஒன்றை ஒடித்தால் மழை.’ எழுத்துக் கற்ற எல்லோருக்கும் இரட்டைக்கொம்பும் ஒற்றைக்கொம்பும் தெரியும். பேயின் தலையில் கொம்பு இருப்பதும் தெரியும். இரண்டு கொம்பும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நேரமும் கச்சிதம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். இந்த மாவட்டத்துக்குக் கண்மாய் நிறையும் மழை அதுதான். மாதக் கடைசியில் ‘பெய்’ என்று எழுதிவைத்தால் இங்கே யாருக்கும் அது வெறும் எழுத்து விளையாட்டாகத் தோன்றாது, வேண்டுதலாகவும் தோன்றும்.

இதற்குப் பின்னால் எழுத்து வரலாறும் இருக்கிறது. பழைய முறையில் எகரக் குறிலுக்குப் புள்ளி வைத்துத்தான் நெடிலிலிருந்து பிரித்தார்கள். ஓலையில் எழுதும்போது புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதனால் சுவடியில் பெய்யும் பேயும் ஒரே தோற்றத்தில் கிடக்கும். இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். நெடிலுக்குத் தனிக் கொம்பு வந்தது 18-ஆம் நூற்றாண்டில், வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சீர்திருத்தத்தில். இந்தச் செய்தியை அட்டையின் பின்பக்கம் இரண்டு வரியாகப் போட்டிருக்கலாம். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

அடுத்து நிற்பது, ‘எனக்குப் பேய் பிடிக்கும்.’ மார்பில் குத்திக்கொள்ளும் வட்ட ஸ்டிக்கராகவும் இது வருகிறது. பேயை விரும்புகிறேன் என்றும் படிக்கலாம், எனக்குப் பேய் பிடிக்கப்போகிறது என்றும் படிக்கலாம். சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவதால் இது செம்மொழிச் சிலேடை. இந்த வரியின் உயிர் ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமையில் இருக்கிறது. ‘என்னைப் பேய் பிடிக்கும்’ என்று மாற்றினால் விருப்பம் என்ற பொருள் செத்துப்போகும். வட்ட ஸ்டிக்கரில் சரியாக இருக்கும் வரி, 17-ஆவது அட்டையில் ‘என்னை’ என்று அச்சாகியிருக்கிறது. யாரோ இலக்கணம் திருத்துவதாக நினைத்துச் சிலேடையைத் திருத்திவிட்டார்கள். அந்த அட்டையை எடுத்துவிட்டு ஸ்டிக்கரை வைத்துக்கொள்ளுங்கள்.

‘கதவைச் சாத்தாதவனே சாத்தான்.’ ஏசி அறைக் கதவில் ஒட்ட வேண்டிய வரி இது. ஹாலோவீன் முடிந்த பிறகும் வருஷம் முழுக்க ஒட்டிவைக்கலாம். சாத்துதல் என்ற வினையும் சாத்தான் என்ற பெயரும் ஒலியில் ஒட்டி, பொருளில் எதிரும் புதிருமாக நிற்கின்றன. வேலையும் நடக்கிறது, படிப்பவர் கை தானாகக் கதவுக்குப் போகும். பிரிட்ஜ் கதவுக்குச் சின்ன அளவில் ஒன்றும், ஐஸ் பெட்டி மூடிக்கு ஒன்றும் கொடுத்திருந்தால் மீன் கடைக்காரர்கள் இதற்காகவே பெட்டி வாங்குவார்கள்.

பிள்ளைகளுக்கான வரிசையில் ‘ரத்தக்காட்டேரி சொன்னால் எல்லாமே கடி ஜோக்’ என்பது முதல் இடம். தமிழில் இந்த மாதிரி வார்த்தை விளையாட்டுக்கே பெயர் கடி. கடிப்பதே பிழைப்பாக உள்ள ஒன்று கடி ஜோக் சொன்னால், பெயரும் செயலும் ஒன்றாகிவிடுகின்றன. ஐந்தாம் வகுப்புக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. மேடையில் சொல்லும்போது ‘கடி’யில் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு ‘ஜோக்’ என்று முடிக்கச் சொல்லுங்கள். சேர்த்துச் சொன்னால் முதல் பொருள் ஓடிப்போய்விடும்.

ஒரே சொல் ஓர் அட்டையில் செத்தும் இன்னோர் அட்டையில் பிழைத்தும் கிடப்பதை ‘ஆவி’யில் பார்க்கலாம். மேசை அட்டை ஒன்றில் ‘இங்கே ஆவிகள் பரிமாறப்படும்’ என்று இருக்கிறது. மதுக் கோப்பைப் படமும் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிட்’ என்றால் பேயும் உண்டு, சாராயமும் உண்டு. அங்கே அது சரி. தமிழில் ஆவி என்றால் யாருக்கும் சாராயம் நினைவுக்கு வராது. படத்தையும் வரியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்தவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அதே ஆவிக்குத் தமிழில் எத்தனை வாசல்! நீராவி, உயிர், பேய். இட்லிக் கடைக்கான அட்டையில் ‘காலை 6 மணிக்கு மூடியைத் திறந்தால் ஆவி’ என்று போட்டிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது. அதைவிட நல்லது மருந்துக்கடை ஸ்டிக்கர்: ‘ஜலதோஷமா? ஆவி பிடிங்க.’ மழைக்காலம், வீட்டுக்கு ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் நாள், நொச்சி இலையோ தைலமோ போட்ட வெந்நீர்ப் பாத்திரம், தலைக்கு மேல் போர்வை. போர்வைக்குள் குனிந்திருக்கும் உருவத்தை வெளியே இருந்து பார்த்தால் அதுவே பேய் மாதிரிதான் இருக்கும். படம் வரைந்தவர் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். சொல்லும் படமும் ஒரே வேலையைச் செய்யும் ஸ்டிக்கர் இந்தப் பெட்டியிலேயே இதுதான்.

மொழிபெயர்ப்புச் சரக்கில் மற்றவை: ‘ஃபேங்டாஸ்டிக் தீபாவளி முன்விற்பனை’, ‘பல்லாண்டு பல் வாழ்க’, ‘சூனியக்காரி எந்த வழி’. முதலாவதில் ‘ஃபேங்’ என்றால் கோரைப்பல் என்று தெரிந்தால்தான் சிரிப்பு வரும். மூன்றாவது, ஆங்கிலத்தில் ‘விச்’ என்ற ஒலி சூனியக்காரிக்கும் ‘எந்த’ என்ற கேள்விக்கும் ஒன்றாக இருப்பதை நம்பியது. தமிழில் அந்த ஒலி ஒற்றுமையே கிடையாது. இவற்றை அச்சிட்ட இடத்தில், கையிலேயே இருந்த ‘சூனியம்’ என்ற சொல்லைக் கவனித்திருக்கலாம். அது பூஜ்யத்துக்கும் பெயர், பில்லிக்கும் பெயர். நல்லவேளையாக ஒரே ஒரு ஸ்டிக்கரில் கவனித்திருக்கிறார்கள்: எலுமிச்சை சோடாவுக்கு ‘சர்க்கரை சூனியம்’. இரண்டு சொல், பாட்டிலின் கழுத்தில் அடங்குகிறது, சர்க்கரை நோயாளிக்குச் செய்தியும் போய்ச் சேருகிறது. சோடாவில் உண்மையாகவே சர்க்கரை போடாமல் இருந்தால் மட்டும் ஒட்டுங்கள்.

ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழில் வேர் பிடித்தது ஒன்று உண்டு, அது ‘பூ!’ அங்கே பேய் ‘பூ’ என்று கத்தும். தமிழ் எழுத்தில் ஆங்கில ‘p’ ஒலிக்கும் ‘b’ ஒலிக்கும் ஒரே பகரம்தான். ஆகவே ‘பூ’ என்று எழுதினால் அலறலும் அதுவே, மல்லிகையும் அதுவே. வெள்ளைப் பேய் ஒன்று முழம் போட்ட மல்லிகைச் சரத்தை நீட்டுகிற படம். தங்கச்சிமடம் பக்கத்து மல்லிகை நாற்றுகள் வெளிமாவட்டங்களுக்கெல்லாம் போகின்றன. அந்த ஊரின் பூக்கட்டும் திண்ணைகளுக்கு இந்த அட்டையைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். படிப்பவர் வாய்விட்டுப் படித்தால்தான் இது பலிக்கும் என்பதால், மேசையில் வைப்பதைவிட வாசலில் கண்மட்டத்தில் தொங்கவிடுங்கள்.

கடல் அட்டைகள் ஏழு. இந்தக் கரைக்காரர் கைபட்டது என்று பார்த்தவுடனே தெரிகிறது. ‘இன்று இரவு வவ்வால் வரும்’ என்றால் வெளியூர்க்காரர் கூரையைப் பார்ப்பார், உள்ளூர்க்காரர் சட்டியைப் பார்ப்பார். கடைக்காரர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாப்பாட்டுப் பட்டியலில் அந்த மீனை ‘வாவல்’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கு மட்டும் ‘வவ்வால்’ என்று மாற்றி எழுத வேண்டும். பட்டியலில் ஒரு எழுத்தும் அட்டையில் ஒரு எழுத்துமாக இருந்தால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கமாட்டார்கள். இன்னோர் அட்டையில் ‘எங்கள் வவ்வால் தலைகீழாகத் தொங்காது, தட்டில் படுக்கும்’ என்று நீட்டியிருக்கிறார்கள். தொங்காது என்றவுடனே குட்டு உடைந்துவிடுகிறது. குட்டையானதே போதும்.

பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், அட்டை தகவலோடு வருகிறது: ‘எட்டுக் கை. மூன்று இதயம். நீல ரத்தம். பேய் வந்திருக்கு, சாப்பிட வாங்க.’ மூன்றும் உண்மை. இரண்டு இதயங்கள் செவுளுக்கும் ஒன்று உடம்புக்கும் ரத்தம் அனுப்பும். ரத்தத்தில் செம்பு கலந்த புரதம் இருப்பதால் நீலம். கற்பனைப் பேய்க்கு யாரும் இவ்வளவு பொருத்தமாக உறுப்பு வைத்திருக்க முடியாது. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பேய்க்கணவாய் என்றால் ஆக்டோபஸ் என்று தெரியாது. அட்டைக்கடியில் சின்னதாக ‘ஆக்டோபஸ் வறுவல்’ என்று எழுதி விலையும் போட்டுவிடுங்கள். என்ன சாப்பிடப்போகிறோம் என்று தெரியாமல் யாரும் ஆர்டர் கொடுக்கக் கூடாது.

‘ராத்திரி பேய் வாடை.’ கருவாட்டுக் கடைக்கான அட்டை. நாற்றத்துக்கும் வாடை, வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கும் வாடை. பேய் என்ற முன்னொட்டும் சும்மா நிற்கவில்லை: பேய்மழை, பேய்க்காற்று என்று கட்டுமீறியதற்கெல்லாம் தமிழ் அந்தச் சொல்லைத்தான் போடுகிறது. ஆக, பேயின் மணம், கடுங்காற்று, கருவாட்டு நெடி மூன்றும் இரண்டு சொல்லில். அக்டோபர் கடைசியில் வடகடல் புரளத் தொடங்கும்போது இந்தக் கரையில் இந்த வரி நிஜச் செய்தியும்கூட. மலைப்பக்கத்து ஊருக்கு இந்தப் பெட்டியை அனுப்பினால் இந்த அட்டை பாதி உயிரை இழந்துவிடும்.

அதற்கு நேர்மாறானது ‘காட்டேரிக் கரையில் காட்டேரி’. காட்டு ஏரி என்று பிரித்தால் நீர்நிலை, சேர்த்தால் பேய். முறையான பிரிமொழிச் சிலேடைதான். ஆனால் ராமநாதபுரத்தில் ஏரி என்று யார் சொல்கிறார்கள்? கண்மாய், ஊருணி என்றுதான் வாயில் வரும். பெரிய கண்மாய்க் கரையில் நின்று ‘ஏரி’ என்று சொன்னால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் உறவினருக்கு இந்த அட்டையைத் தபாலில் அனுப்புங்கள், அங்கே நிற்கும்.

ஊர்ப்பெயர் வைத்த வரிகளில் உச்சிப்புளி அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாம். பஸ் டிக்கெட் வடிவத்தில் வெட்டிய சிறு தாள்: ‘பேய்க்கு வாழ்க்கைப்பட்டவர்: 1. ஏறும் இடம்: உச்சிப்புளி.’ பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்ற பழமொழியை முழுசாக மேற்கோள் காட்டாமலே கொண்டுவந்துவிட்டார்கள். ‘ஏறும் இடம்’ பஸ்ஸுக்கும் சரி, மரத்துக்கும் சரி. ராமேசுவரம் சாலையில் அந்த நிறுத்தத்தைத் தாண்டாதவர் இந்த மாவட்டத்தில் இல்லை.

இதே ஊர்ப்பெயர் வரிசையில்தான் கழிக்க வேண்டியவையும் இருக்கின்றன. ‘தனுஷ்கோடி: பேய்களின் ஊர், வாங்க பழகலாம்’ என்ற அட்டை எந்த மேசைக்கும் போகக் கூடாது. 1964 டிசம்பர் 22 இரவு தொடங்கி விடியும் வரை அடித்த புயலில் அந்த ஊர் போனது. பாம்பனிலிருந்து போன ரயிலும் ஆட்களோடு போனது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தக் கரையிலேயே மீன் பிடித்துக்கொண்டும் கடை வைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். அந்த அட்டையைப் பரிமாறுகிற பையனுக்கே அது தாத்தாவின் பெயராக இருக்கலாம். ‘இங்கே பேய் ஓட்டப்படும்’ என்ற ஆட்டோ ஸ்டிக்கர் சொல்லளவில் நல்ல சிலேடை. ஓட்டுவது வண்டியையும்தான், பேயையும்தான். ஆனால் ஏர்வாடிக்கு மனநோயாளிகளை அழைத்துவரும் குடும்பங்கள் ஏறுவதும் இதே ஆட்டோக்களில்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்தச் சாலையில் ஓடும் வண்டியில் இந்த வரி இருக்கக் கூடாது. பேக்கரும்பு அட்டையும் அப்படித்தான். பேய்க்கரும்பு என்ற பெயரை வைத்து விளையாடலாம் என்று தோன்றும். அப்துல் கலாம் அடங்கியிருக்கும் இடம் அது, விட்டுவிடுங்கள். முனி, முனியாண்டி என்று வரும் இரண்டு அட்டைகளையும் எடுத்துவிடலாம். பலருக்கு அது கும்பிடும் சாமி.

எழுத்துருவைப் பற்றி அச்சகத்தாரிடம் கண்டிப்பாகப் பேச வேண்டும். ரத்தம் சொட்டுகிற மாதிரி எழுத்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்துக்கு அது ஆகும். தமிழில் புள்ளி ஓர் எழுத்துறுப்பு. 23-ஆவது அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மேலே பறக்கும் ஒரு குட்டி வவ்வால், யகரத்தின் புள்ளிமேல் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இறக்கைக்குள் புள்ளி மறைந்துபோய் ‘பேய்’ ‘பேய’ ஆகிவிட்டது. பக்கத்து எழுத்திலிருந்து தெறித்த ரத்தத்துளியோ ‘ட’வின் தலையில் நின்று ‘ட்’ என்று படிக்கவைக்கிறது. சொட்டும் வடிவம் வேண்டுமென்றால் எழுத்தின் அடிப்பக்கம் மட்டும் சொட்டட்டும். தலைக்கு மேல் புள்ளியைத் தவிர எதுவும் வரக் கூடாது. தோரணத்தில் ஒரு தாளில் கொம்பு தனியாகவும் மெய் தனியாகவும் பிரிந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் இப்படித்தான் ஆகும். அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

பெட்டியின் மேலட்டையில் இருக்கும் ‘ஹாலோ, வீண் இல்லை’ பரவாயில்லை. காதுக்குச் சரி, கண்ணுக்கு இல்லை. றன்னகரமும் டண்ணகரமும் பேச்சில் கலந்தாலும் அச்சில் கலக்காது. ஆட்டோ ஒலிபெருக்கியில் சொல்ல ஏற்ற வரி.

தாள் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. நல்ல கனம். லேசர் அச்சு என்பதால் ஈரவிரலால் தேய்த்தாலும் மை கரையவில்லை. குறை லேமினேஷனில். முன்பக்கம் மட்டும் போட்டிருக்கிறார்கள். பாம்பன் காற்றில் பின்பக்கத் தாள் ஈரம் குடித்து விரியும், முன்பக்கம் விரியாது. இரண்டே நாளில் அட்டை லேமினேஷன் பக்கமாகச் சுருண்டுகொள்ளும். இரண்டு அட்டைகளை முதுகோடு முதுகாக இரட்டை டேப்பில் ஒட்டினால் சுருளாது, இரண்டு பக்கமும் படிக்கலாம். நீர் கலந்த பசை வேண்டாம், அதுவே தாளை நெளிக்கும். ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர்கள் இருபக்க லேமினேஷன் கேளுங்கள்.

தொங்கவிட தூண்டில் நரம்பைவிட நல்லது எதுவும் இல்லை. இரவில் கண்ணுக்குத் தெரியாது, அட்டை தானாக மிதக்கிற மாதிரி இருக்கும், மழையில் இற்றுப்போகாது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு துண்டையும் எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள். மணலில் விட்டால் காக்கை காலிலும், கடலில் விட்டால் ஆமைக் கழுத்திலும் சுற்றும். தோரணத்தோடு வரும் இரும்பு வளையம் உப்புக்காற்றில் ஒரு வாரத்தில் துருவழிந்து தாளைக் கறைப்படுத்தும். வளையத்தைப் பிடுங்கிவிட்டுத் துளையில் நேரடியாக நூல் கோத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு அடித்த சுவரில் டேப் நிற்காது, காரையோடு பெயர்ந்துவரும். வாடைக்காற்று நேராக அடிக்கும் வடபக்க வாசலைத் தவிர்த்து, தென்பக்கச் சுவர் மறைப்பில் மாட்டினால் ஒரு வாரம் தாங்கும். தோரணம் காகிதமாக இருப்பது சரியான முடிவு, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கொடிகளுக்குத் தடை இருக்கிறது. மழைக்குத் தாங்க வேண்டும் என்றால் அதே எழுத்துகளைக் காடாத் துணியில் அச்சிட்டுத் தரச் சொல்லலாம்.

பூசணிக்கு வருவோம். ‘பூசணி உடை’ என்ற அட்டையில் உடை என்பது ஆடைக்கும் ஆகிறது, உடைக்கச் சொல்லும் ஏவலுக்கும் ஆகிறது; பூசணி வேஷம் போட்ட பிள்ளையின் படம் இருப்பதால் இரண்டும் ஒரே நொடியில் விழுகின்றன. ‘பறங்கித் திருநாளுக்குப் பறங்கிக்காய்’ என்பதும் நல்ல வரி, வெளிநாட்டாருக்கும் காய்க்கும் ஒரே பெயர். முகம் வெட்டும் மாதிரித் தாள் மட்டும் அமெரிக்கப் பூசணி அளவுக்கு உயரமாக இருக்கிறது. நம் சந்தையில் கிடைக்கும் மஞ்சள் பூசணி தட்டையானது, சதை தடிமன். மாதிரியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து நகலெடுங்கள். 3 முதல் 4 கிலோ காய் போதும். காம்பை விட்டுவிட்டு அடிப்பக்கத்தில் வட்டமாக வெட்டித் திறந்து, சதையைக் கூட்டுக்கு வழித்தெடுத்து, சுவர் 2 சென்டிமீட்டர் தடிமன் வரும்வரை சுரண்டினால்தான் வெளிச்சம் வெளியே வரும். முந்தைய நாள் சாயங்காலம் வெட்டுங்கள். இந்த வெக்கையில் மூன்றாம் நாள் அழுகிவிடும். உள்ளே பேட்டரி விளக்கு மட்டும். ஓலைக் கூரை இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. அட்டையைப் பார்த்துவிட்டு யாராவது உண்மையாகவே உடைத்தால், சில்லுகளைச் சாலையிலிருந்து அப்போதே ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு சக்கர வண்டி சறுக்க ஒரு துண்டு போதும்.

கதவைத் தட்டி இனிப்புக் கேட்கும் பிள்ளைகளுக்கான வசனம் இரண்டு விதமாகக் கொடுத்திருக்கிறார்கள். ‘மிட்டாயா, மிரட்டலா?’ என்பது எந்த ஊருக்கும் ஆகும், மோனையும் கூடி வருகிறது. கீழக்கரைக்கு மட்டும் தனியாக எழுதிய ‘தொதலா, தொல்லையா?’ அதைவிடப் பல மடங்கு மேல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் கிண்டிக்கிண்டிக் கறுத்துத் திரண்ட தொதல் வாயில் ஒட்டும், தொல்லை ஆளோடு ஒட்டும். அந்த ஊர் இனிப்புக் கடைகள் இந்த ஒரு ஸ்டிக்கருக்காகவே பெட்டியை எடுக்கலாம். ஒட்டும்போது கவனம்: தொதலில் எண்ணெய் கசியும், காகித உறைமேல் ஒட்டினால் மணிநேரத்தில் ஸ்டிக்கர் வழுக்கி விழும். துண்டை முதலில் வெண்ணெய்த்தாளில் சுற்றி, பனையோலைக் கொட்டானில் வைத்து, கொட்டானின் கைப்பிடியில் அட்டையாகக் கட்டுங்கள்.

நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள், 2 கல்லறைத் திருநாள். ஹாலோவீன் என்ற பெயரே அந்தப் புனிதர் திருநாளின் முந்தைய மாலை என்பதிலிருந்து வந்தது. தங்கச்சிமடத்திலும் மற்றக் கடலோரக் கிராமங்களிலும் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் நாளில் எலும்புக்கூட்டுத் தோரணம் தெருவில் ஆடக் கூடாது. 1-ஆம் தேதி காலையிலேயே கழற்றிவிடுங்கள்.

கடைப் பெயரோடு அச்சிட நான்கு நாள் ஆகிறது, பாதிப் பணம் முன்னதாகக் கேட்கிறார்கள். அக்டோபர் 15-க்குள் சொல்லிவிட்டால் அச்சுக்கு முந்தைய மாதிரியைப் பார்க்க நேரம் கிடைக்கும். அதை செல்போனில் பார்த்துச் சரி சொல்லிவிடாதீர்கள். ஒரு பிரதி தாளில் எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு பேய்க்கும் இரண்டு கொம்பும் தலையில் ஒரு புள்ளியும் இருக்கிறதா என்று விரல்வைத்து எண்ணிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.